அம்மம்மாவின் றங்குப்பெட்டியை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடி. அம்மம்மா காலமான பிறகு அவரது றங்குப்பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு கட்டுக் கடிதம். சில ஈரத்தில் ஒட்டிப்போயிருக்கின்றன, பலவற்றில் திகதியே இல்லை. பெரும்பாலானவை ‘அன்புள்ள மச்சாளுக்கு’ என்று தொடங்கி ‘க.வே.’ என்ற கையெழுத்தோடு முடிகின்றன. அவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கூடவே ஓர் ஓலைச் சாதகமும் எழுத்து வெட்டிய பித்தளை வட்டாவும் (வெற்றிலைத் தட்டம்) இருக்கின்றன. எல்லாவற்றையும் லமினேற் பண்ணி வைக்கும்படி கனடாவிலுள்ள மாமா சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: லமினேற் மட்டும் பண்ணிவிடாதீர்கள். மாமாவின் அக்கறை புரிகிறது. ஆனால் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டும் பிளாஸ்ரிக்கைப் பிறகு சேதமில்லாமல் எடுக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோரேப்பும் வேண்டாம். அதன் பசை சில வருடங்களில் பழுப்பேறி எழுத்தையே மறைத்துவிடும்.

ஒட்டிய கடிதங்களை இழுத்துப் பிரிக்காமல், வெயில் படாத இடத்தில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். தானாகப் பிரியாததை அப்படியே விடுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றிவிட வேண்டும். நம்முடைய வாவிக் காற்றில் அவை துருப்பிடித்துத் தாளைத் தின்னும். கட்டு எந்த அடுக்கில் இருந்ததோ அந்த ஒழுங்கிலேயே படமெடுத்து, ஒவ்வொன்றின் பின்புற மூலையிலும் பென்சிலால் இலக்கமிடுங்கள். ஒரே கட்டில் கிடந்தவற்றுக்குள் தொடர்பு இருக்கும். திகதி இல்லாத கடிதத்துக்கு அதன் மேலும் கீழும் கிடந்தவையே முதற் சாட்சி.

இனி வாசிப்பு. இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரப் படிவங்கள் அநேகமாகத் தகப்பன் வழியைத்தான் முதலில் கேட்கும். மட்டக்களப்பில் அப்படித் தொடங்கினால் சீக்கிரமே முட்டுப்பட்டு நிற்பீர்கள். இங்கே குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியில் வருவது. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெட்டி, பாத்திரம், காணி உறுதிப் பத்திரம், கடிதம் எல்லாம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் கைமாறியிருக்கும். அதனால் முதலில் கேட்கவேண்டியது க.வே. யார் என்பதல்ல. இந்தப் பெட்டி எந்த வீட்டிலிருந்து வந்தது? அது அம்மம்மாவின் சீதன வீடா, அவரது தாயின் வீடா? அவருக்குச் சகோதரிகள் இருந்தால் எந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள்? இதற்கு விடை கிடைத்தால் மீதிக் கடிதங்கள் எந்தச் சின்னம்மம்மா வீட்டில் இருக்கக்கூடும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் கையில் இருப்பது அம்மம்மாவுக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதிய பதில்கள் க.வே.யிடம் போயிருக்கும். க.வே. ஆண் என்றால் திருமணமாகி மனைவியின் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த வீடு பிறகு மகளுக்குப் போயிருக்கும். அப்படியானால் அம்மம்மாவின் கையெழுத்து இன்று அந்த மகளின் வீட்டு அலுமாரியில் இருக்கலாம். அதைத் தேடிப் போவது வீண் வேலை அல்ல.

‘மச்சாள்’ என்பதை வைத்து மட்டும் உறவை முடிவுசெய்து மரத்தில் எழுதவேண்டாம். தாய்மாமனின் மகன், மாமியின் மகன், அக்காவின் புருஷன், கணவனின் தம்பி என்று எவரும் அப்படி அழைத்திருக்கலாம். முதலெழுத்தைப் பிடியுங்கள். ‘க’ பெரும்பாலும் தகப்பனின் பெயர். அம்மம்மாவின் தாய்மாமன் ஒருவரின் பெயரோ மாமி ஒருவரின் கணவர் பெயரோ ‘க’வில் தொடங்குகிறதா என்று முதியவர்களிடம் கேளுங்கள்.

திகதிக்கு உறையைப் பாருங்கள். முத்திரையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் என்றால் அது 1936 வரையான ஆட்சிக் காலத்தது. ஆறாம் ஜோர்ஜ் என்றால் 1936க்கும் 1952க்கும் இடையில் வந்தது. நாட்டின் பெயர் ‘ஸ்ரீ லங்கா’ என்றிருந்தால் 1972க்கு முந்தியதல்ல. ஆனால் பழைய முத்திரையைப் பிந்தியும் ஒட்டலாம், ஆகவே முத்திரை ‘இதற்கு முன் அல்ல’ என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். கடிதத்தின் தலைப்பில் தமிழ் வருடம் இருந்தால் விஷயம் சுலபம். ‘விரோதி’ என்று எழுதி ஆறாம் ஜோர்ஜ் முத்திரை ஒட்டியிருந்தால் அது 1949 ஏப்ரலுக்கும் 1950 ஏப்ரலுக்கும் இடைப்பட்டது. அறுபது வருடச் சுற்றில் அடுத்த விரோதி 2009இல்தான் வந்தது. 1957 வெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி பற்றி ஒரு வரி இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாதகத்தில் வருடம் அழிந்திருந்தாலும் கட்டம் தெரிந்தால் போதும். சனி ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய முப்பது வருடம், வியாழன் பன்னிரண்டு. இரண்டும் ஒரே ராசிகளில் மறுபடி சேர்ந்து நிற்க அறுபது வருடமளவில் ஆகும். சோதிடம் தெரிந்த ஒருவர் பிறந்த வருடத்தைக் கண்டுபிடித்துத் தருவார். ஓலையைக் கழுவவோ எண்ணெய் பூசவோ வேண்டாம்.

வட்டாவைப் புளி போட்டு மினுக்காதீர்கள். அந்த எழுத்துகள் பெரும்பாலும் உளி நுனியால் குத்திய புள்ளிகள்தான், தேய்க்கத் தேய்க்க மழுங்கும். இருட்டில் ரோச் லைற்றை விளிம்போடு சரித்துப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் நிழலோடு எழுந்து தெரியும். அப்போது படமெடுங்கள். பெயருக்குரிய பெண்ணின் முதலெழுத்து அவரது தகப்பனுடையதா கணவனுடையதா என்று பாருங்கள். தகப்பனுடையது என்றால் அது சீதனமாக வந்த வட்டாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். உறவினர் காரைதீவு, திருக்கோவில் பக்கம் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய பத்திரங்களில் மட்டக்களப்பு என்றே இருக்கும். காணி உறுதி இருந்தால் அட்டவணை வரை வரிவரியாக வாசியுங்கள். காணி யாருக்கு எந்த வழியில் வந்தது, நாலு எல்லையிலும் யார் காணி என்பதெல்லாம் அதில் உண்டு. எல்லைக் காணிக்காரர் பல வேளைகளில் சகோதரியாகவே இருப்பார். கொக்கட்டிச்சோலை, மண்டூர் கோயில்களில் உங்கள் குடிக்குத் திருவிழா உரிமை இருந்தால் வண்ணக்கரை, அதாவது கோயில் நிருவாகியை, போய்க் காணுங்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களில் வம்சாவளி அச்சிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அவ்வகை மலர்கள் பல நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கடிதங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட அவசரப்படவேண்டாம். கடன், காணிச் சண்டை, நின்றுபோன கல்யாணம் எல்லாம் அவற்றில் இருக்கும். யுத்த காலத்தில் காணாமல் போன ஒருவரின் கையெழுத்தும் இருக்கலாம். அதைப் பார்க்கும் முதல் உரிமை அவருடைய தாய்க்கோ மனைவிக்கோ பிள்ளைக்கோதான். க.வே.யின் மகளைக் கண்டுபிடித்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். தகப்பன் எழுதிய கடிதங்களின் நல்ல பிரதியொன்றைக் கொடுத்து, அவர் வாசிக்க நாலு நாள் விட்டு, அதன் பிறகு அம்மம்மாவின் பதில்களைப் பற்றிக் கேளுங்கள்.