அம்மா தொடாத மருந்துக்கும் ரிப்போர்ட்டில் 'ஆர்' வருவது ஏன்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "60 வயதான என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நீர்க்கடுப்பு வந்தால் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கித் தருவோம். இந்த முறை அதற்குக் கடுப்பு அடங்கவில்லை. யூரின் கல்ச்சரில் ஈ.கோலை, பாதி மருந்துகளுக்கு நேரே 'ஆர்'. அம்மாவின் உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா?"

யூரின் கல்ச்சர் என்பது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் சோதனை. 'ஆர்' (ரெசிஸ்டன்ட்) என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது, 'எஸ்' (சென்சிடிவ்) என்றால் அடங்கும். உடம்புக்கு ஒன்றும் பழகவில்லை. மாறியது கிருமிதான். ஈ.கோலை எல்லோர் குடலிலும் இருப்பது. வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அந்த வேகத்தில் மரபணுவில் எங்காவது பிசகும். அப்படி ஒரு பிசகால் மருந்துக்குத் தப்பும் கிருமிக்கு, மாத்திரையே மற்றதையெல்லாம் கொன்று இடம் காலி செய்து கொடுக்கிறது. இன்னொரு வழி பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையம். பரீட்சை ஹாலில் பிட் கைமாறுவதுபோல அது பக்கத்துக் கிருமிக்குப் போகும், வேறு இனமானாலும். நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒரே வளையத்தில் இருக்கலாம். அம்மா தொடாத மருந்துக்கும் 'ஆர்' வருவது இப்படித்தான்.

சரி, மெடிக்கல் கதைக்கு வருகிறேன். "கடுப்பா? செஃபிக்ஸிம் நாலு போடுங்க" என்று அட்டையைக் கத்தரித்து நீட்டுகிறார்களே, அந்த மருந்து 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் புரட்டினாலே பாதி தெரிந்துவிடும். புரட்ட வேண்டுமே!

அப்புறம் கலெக்‌ஷன் சென்டர். காலையில் கடலூரில் வாங்கிய யூரின் மதியம்வரை மேசையில் கிடந்து, புதுச்சேரி லேபுக்குப் பஸ் ஏறுகிறது. ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் டப்பாவுக்குள்ளேயே கிருமி பெருகி, எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி, இல்லாத தொற்றையும் இருப்பதுபோலக் காட்டிவிடும். முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிள் கொடுங்கள்.

கடுப்பு, காய்ச்சல் எதுவும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வந்தால், சர்க்கரை இருந்தாலும் மருந்து வேண்டாம். கர்ப்பிணிக்கு அப்படியில்லை. அறிகுறியே இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறலாம். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று மாசமான பெண் மாத்திரையை ஒதுக்கினால் விடாதீர்கள். மாமியார் "பிள்ளைக்கு ஆகாது" என்றாலும் விடாதீர்கள். கர்ப்பத்தில் தரக்கூடியதைத்தான் டாக்டர் எழுதுவார்.

உங்கள் அம்மாவுக்குக் கடுப்பு இருக்கிறது, மருந்து தேவைதான். ஆனால் 'எஸ்' போட்ட பெயரைப் பார்த்து நீங்களே கடைக்குப் போகாதீர்கள். நைட்ரோஃபுரான்டாயினுக்கு 'எஸ்' இருந்தாலும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் தர வேண்டும். அதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள். குளிர்க்காய்ச்சலோ விலாவலியோ வந்தால் ஓ.பி. வரிசையில் நிற்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.