கிளார்க்கைக் குறைத்தால் டாக்டர் வருவாரா?

கேள்வி: எங்கள் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) கவுன்டர், ஆபீஸ் ரூம் எல்லாவற்றிலும் ஆள் உட்கார்ந்திருக்கிறது. ஓபிடியில்தான் டாக்டர் இல்லை. இந்த கிளார்க் கூட்டத்தைப் பாதியாக்கி, அந்தச் சம்பளத்தில் டாக்டர்களைப் போட்டால் என்ன?
வாசகர் ஒருவர், தாராவி

பதில்: போடலாம். அப்புறம் அந்த டாக்டரே கவுன்டரில் உட்கார்ந்து உங்களுக்கு கேஸ் பேப்பர் எழுதித் தருவார். கிண்டல் இல்லை, இப்போதே பாதி அப்படித்தான் ஓடுகிறது.

ஒரு மழைக்காலத்தில் என் மைத்துனருக்கு டெங்கு. இங்கேயே ஒரு பொது வார்டில் மூன்று ராத்திரி அவருக்குத் துணை இருந்தேன். கட்டிலில் ஒருவர், இரண்டு கட்டிலுக்கு நடுவே தரையில் ஒருவர். சிஸ்டர் ஒரே ஒருவர். ஊசி போடும் நேரம் போக, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்: ஸ்டோருக்கு இன்டென்ட் (வேண்டிய சாமான் பட்டியல்), சாப்பாட்டுக் கணக்கு, டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டர். ரத்தம் எடுத்த ரெசிடென்ட் டாக்டர் (மேல்படிப்புப் படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்), சின்னப் பையன், கண்ணில் தூக்கம் அப்பிக் கிடந்தது, குப்பியைப் பிடித்துக்கொண்டு தானே லேபுக்கு ஓடினார். மாமா எங்கே என்று கேட்டேன். (மும்பை ஆஸ்பத்திரிகளில் வார்டு பாய் 'மாமா', ஆயா 'மௌசி'. முறைக்குக் குறைச்சல் இல்லை, ஆள்தான் குறைச்சல்.) மூன்று வார்டுக்கு ஒரு மாமாவாம். அவர் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போயிருந்தார்.

அந்தப் பையன் ஓடிய நேரத்தில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்? கிளார்க் இல்லாத இடத்தில் கிளார்க் வேலை ஒழிந்துபோவதில்லை. அது சிஸ்டர் தலையிலும் டாக்டர் தலையிலும் வந்து விழுகிறது.

விதிகளுக்கு என்ன, ஏராளம். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். ரெசிடென்ட்களுக்கு சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு சொன்னது 1992-ல். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளே ரெசிடென்சி முடித்துவிட்டார்கள்.

பணம் இல்லை என்பார்கள். மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,000 கோடிக்கு மேல். சில மாநிலங்களின் பட்ஜெட்டே அதைவிடச் சின்னது. கிளார்க்கா டாக்டரா என்று நம்மைச் சண்டை போட விடுவது யாருக்கு வசதி என்று யோசியுங்கள். ஆபீஸ் ரூமில் தேவைக்கு மேல் அதிகாரிகள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வெட்டு என்று வந்தால் அங்கே விழாது. கவுன்டரில்தான் இன்னொரு ஜன்னல் மூடும், உங்கள் வரிசை கேட் வரை நீளும்.

அடுத்த கேள்வியை எனக்கு அனுப்பாதீர்கள். தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்கள். டாக்டர், நர்ஸ், வார்டு பாய், கிளார்க் ஒவ்வொன்றிலும் மஞ்சூரான (அனுமதிக்கப்பட்ட) இடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை, அதில் கான்ட்ராக்ட் எத்தனை, தேர்தல் வேலை அது இது என்று வெளியே போனவர் எத்தனை என்று கேளுங்கள். 150 வார்த்தைக்குள் இருக்கட்டும், மகாராஷ்டிர விதி அப்படி. 30 நாளில் பதில் தர வேண்டும். மராத்தியில் வந்து, படித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் அப்போது எனக்கு அனுப்புங்கள்.