பாம்பு வடிவில் வீடு கட்டுவது வெறும் அலங்காரமா?

"மெக்சிகோவில் இயற்கையையும் நாட்டுப்புறக் கலையையும் பார்த்துக் கட்டும் வீடுகள் வெறும் அலங்காரம்தானா?" என்பது கேள்வி. இல்லை, கட்டும் முறையே வேறு.

கட்டடக் கலைஞர் ஹவியர் செனோசியைன் மெக்சிகோ நகரை ஒட்டிய நௌகல்பனில் 1980களில் கட்டிய 'காசா ஆர்கானிக்கா'வைப் பாருங்கள். நிலக்கடலை ஓடுதான் மாதிரி: வெளிச்சமான இரண்டு கூடங்கள், நடுவே குனிந்து போகும்படி இடுங்கிய வழி. கம்பிகளை வளைத்துக் கூடாக்கி, வலை போர்த்தி, அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சினார்கள். அதன் கனம் ஏறக்குறைய 4 செ.மீ. மட்டுமே! வளைவே பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால் அது போதும். மேலே மண் கொட்டிப் புல் வளர்த்ததால் வெயிலும் குளிரும் எளிதில் உள்ளே இறங்குவதில்லை.

2007இல் முடிந்த அவருடைய 'கெட்சல்கோவாட்டலின் கூடு' இன்னும் துணிச்சலானது. கெட்சல்கோவாட்டல் என்பது பழைய மெக்சிகோ மக்கள் வணங்கிய சிறகுப் பாம்புத் தெய்வம். பாம்பின் உடலுக்குள் 10 குடியிருப்புகள். அங்கே ஏற்கெனவே இருந்த குகையின் வாயே பாம்பின் தலை. தோல் முழுக்க நிறம் மாறி மின்னும் பீங்கான் துண்டுகள். துல்லியமாகச் சொன்னால், சிறகு முளைத்த இந்தப் பாம்பு நாட்டுப்புறக் கலையைவிட ஆதி மெக்சிகோவின் தெய்வக் கதைகளுக்கே நெருக்கம்.

செனோசியைனுக்கு முன்பே கட்டடக் கலைஞரும் ஓவியருமான ஹுவான் ஓகோர்மன் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைக் குகையோடு ஒட்டித் தன் வீட்டைக் கட்டி, சுவரெங்கும் நிறக்கற்களைப் பதித்தார். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் வெளிச்சுவர்களிலும் அவர் கைவண்ணத்தைக் காணலாம்.

குறை ஒன்று உண்டு. வளைந்த சுவரில் கடையில் வாங்கிய பீரோ ஒட்டி நிற்காது. இருக்கை முதல் அலமாரி வரை சுவரோடு சேர்த்தே கட்ட வேண்டும்.