பிஎஸ்6 வரும் என்று டிஎல்சி வாங்குவதைத் தள்ளிப்போடலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "எங்கள் வீட்டில் சோனியின் விளையாட்டுக் கன்சோலான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) இருக்கிறது. 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' டிஸ்க்கை இங்கேயே வாங்கினேன். 'எல்டன் ரிங்' டிஸ்க்கை அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வந்தார். 'சைபர்பங்க் 2077' என் சொந்தக் கணக்கில் டவுன்லோடு செய்தது. மூன்றுக்கும் டிஎல்சி (மூல விளையாட்டோடு சேர்க்கத் தனியாக விற்கப்படும் கூடுதல் பகுதி) வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் பிஎஸ்6 சீக்கிரம் வருகிறது, அதில் எல்லாம் சேர்த்துப் புதிய பதிப்பாகத் தருவார்கள், இப்போது வாங்கினால் வீண் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவர் பிஎஸ்6 முன்பதிவு என்று 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, மீதி 10,000 ரூபாயை இந்த மாதமே கேட்கிறார். என்ன செய்யட்டும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த சில மாதங்களுக்குள் உட்கார்ந்து விளையாடப் போகிற டிஎல்சியை இப்போதே வாங்குங்கள். விளையாடுவோமா என்பதே நிச்சயமில்லாததை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடைக்காரர் கேட்கும் 10,000 ரூபாயை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். உங்கள் எல்டன் ரிங் டிஸ்க் மட்டும் தனிக் கதை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று முதலில் பார்ப்போம். அடுத்த கன்சோலைப் பற்றி சோனி தரப்பிலிருந்து வெளிப்படையாக வந்த செய்திகளில் குறிப்பிடத்தக்கது, 2025 அக்டோபரில் பிஎஸ்4, பிஎஸ்5 ஆகியவற்றின் தலைமை வடிவமைப்பாளரான மார்க் செர்னி, சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுயினுடன் சேர்ந்து பேசிய ஒரு காணொளி. கிராஃபிக்ஸ் சிப்பில் இரு நிறுவனங்களும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியை விளக்கிய அவர்கள், அந்தத் தொழில்நுட்பம் இன்னும் கணினியில் மாதிரியாக மட்டுமே இயங்குகிறது என்றும், சில ஆண்டுகளில் வரப்போகும் ஒரு கன்சோலில் அதைக் கொண்டுவர விரும்புவதாகவும் சொன்னார்கள். அதில் விலை, தேதி, பெயர் எதுவுமே கிடையாது. அந்தச் சிறு விதையிலிருந்து ரசிகர்கள் நினைவகத்தின் அளவு, விலை, வெளியீட்டு மாதம் என்று ஒரு பெரிய ஆலமரத்தையே வளர்த்துவிட்டார்கள்.

இப்படி நடப்பது முதல் முறையும் அல்ல. நின்டெண்டோவின் அடுத்த கருவி 'என்எக்ஸ்' என்ற குறிப்புப்பெயரில் மட்டும் அறியப்பட்டிருந்த காலத்தில், 2016 மார்ச்சில், அதன் கன்ட்ரோலர் என்று இரண்டு படங்கள் உலகம் முழுவதும் பரவின. இரண்டும் போலி என்பதைக் கடைசியில் அவற்றை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று ஸ்விட்ச் என்ற பெயரில் அறிமுகப்படுத்தப்பட்ட உண்மையான கருவி, அந்தப் படங்களோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாததாக இருந்தது. 2021இல் 4கே ஸ்விட்ச் வருகிறது என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது, முக்கியமாகத் திரை மேம்பட்ட ஓஎல்இடி மாடல். அந்தக் காத்திருப்பில் விளையாடாமல் போன மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்து, வாங்கியது புதிய கன்சோலுக்கு வருமா என்ற கவலை. இது நியாயமான கவலைதான், ஏனென்றால் ஒருமுறை வராமலே போயிருக்கிறது. 2013இல் பிஎஸ்4 வந்தபோது, பிஎஸ்3இல் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும் டிஎல்சிகளும் அதில் ஓடவில்லை. காரணத்தை எளிமையாகச் சொன்னால், பிஎஸ்3க்குள் இருந்த, சோனியும் தோஷிபாவும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய 'செல்' சிப் வேறொரு எழுத்துமுறையில் சிந்திப்பது. வட்டெழுத்துக் கல்வெட்டில் இருப்பதும் தமிழ்தான் என்றாலும், இன்றைய எழுத்தை மட்டும் படித்தவரால் அதை வாசிக்க முடியாது அல்லவா, அதைப் போன்றது. பிஎஸ்4இல் சோனி ஏஎம்டியின் சிப்புக்கு மாறியது. பிஎஸ்5ம் அதே குடும்பம். அதனால்தான் 4,000க்கும் மேற்பட்ட பிஎஸ்4 விளையாட்டுகளில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர, மற்றவை பிஎஸ்5இல் தங்கள் டிஎல்சிகளோடு ஓடுகின்றன. அடுத்த கன்சோலுக்கும் ஏஎம்டியோடுதான் வேலை நடக்கிறது என்பதால், நீங்கள் இப்போது வாங்குவது அதிலும் ஓடும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது. எதிர்பார்ப்பு என்றே சொல்கிறேன். சோனி அப்படி உறுதி எதுவும் தரவில்லை.

ஆனால் 'ஓடும்' என்ற சொல்லுக்குள் ஒரு பொறி இருக்கிறது. பழைய விளையாட்டு புதிய கருவியில் அப்படியே ஓடுவது ஒன்று. அந்த விளையாட்டுக்கே புதிய கருவிக்காகத் தனிப் பதிப்பு வெளியிடுவது வேறு. முதலாவதில் உங்கள் டிஎல்சி கூடவே வரும். இரண்டாவதில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 'கன்ட்ரோல்' விளையாட்டை வாங்கியவர்களுக்கு 2020இல் நடந்ததைச் சொல்கிறேன். மூல விளையாட்டையும், அதன் இரண்டு டிஎல்சிகளையும் முழு விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களுக்கு பிஎஸ்5 பதிப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த 'அல்டிமேட் எடிஷன்' என்ற தொகுப்பை வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைத்தது. முதலில் வந்து ஆதரித்தவர்களைத் தண்டித்து, கடைசியில் வந்தவர்களுக்குப் பரிசு கொடுத்த அந்த முடிவை இன்று வரை என்னால் ஏற்க முடியவில்லை. நின்டெண்டோவின் வீ யூ கன்சோலில் 'மரியோ கார்ட் 8'க்கு டிஎல்சி வாங்கியவர்களும், 2017இல் ஸ்விட்சுக்கு அதே விளையாட்டு அந்த டிஎல்சிகளை உள்ளடக்கி வந்தபோது, மறுபடியும் முழு விலை கொடுத்தே வாங்கினார்கள்.

இதைக் கேட்டதும், அப்படியானால் காத்திருப்பதுதானே புத்திசாலித்தனம் என்று தோன்றும். உங்கள் விஷயத்தில் அப்படி இல்லை. நீங்கள் சொன்ன மூன்று டிஎல்சிகளும் ஏற்கெனவே வெளிவந்து, முழுமையாகக் கையில் கிடைப்பவை. 2023இல் வந்த ஹொரைசனின் 'பர்னிங் ஷோர்ஸ்', சைபர்பங்கின் 'ஃபேன்டம் லிபர்ட்டி' இரண்டுமே பிஎஸ்4க்கு வரவில்லை. மூல விளையாட்டை பிஎஸ்4இல் வாங்கியவர்கள் கதையின் மீதியைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். பிஎஸ்5 வைத்திருக்கும் உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஹொரைசனுக்கு டிஎல்சியையும் சேர்த்த முழுப் பதிப்பு பிஎஸ்5க்கே 2023இல் வந்துவிட்டது. இதையெல்லாம் இன்னொரு தொகுப்பாகப் புதிய கன்சோலுக்குத் தருவார்கள் என்பது முழுக்க முழுக்க ஊகம். அப்படியே தந்தாலும், இலவசமாகத் தருவார்கள் என்று எண்ணுவது ஊகத்தின் மேல் கட்டிய ஊகம். நீங்கள் தவிர்க்க வேண்டியது, இனிமேல் வரப்போகும் டிஎல்சிகளுக்கு முன்கூட்டியே பணம் கேட்கும் சீசன் பாஸ்களைத்தான். கன்சோல் மாறும் காலத்தில், பர்னிங் ஷோர்ஸ் போல, கடைசிப் பகுதி புதிய கருவிக்கு மட்டும் என்று ஆகிவிடலாம்.

இனி அந்த அமெரிக்க டிஸ்க். பிஎஸ்4, பிஎஸ்5 கன்சோல்களில் விளையாட்டு எந்த நாட்டு டிஸ்க்காக இருந்தாலும் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். அதனால் உங்கள் எல்டன் ரிங் இவ்வளவு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கும். ஆனால் டிஎல்சி அப்படி அல்ல. ஒவ்வொரு பிராந்தியத்துப் பதிப்புக்கும் தனி எண் உண்டு. டிஸ்க் உறையின் ஓரத்தில், பிஎஸ்5 விளையாட்டானால் 'பிபிஎஸ்ஏ' (PPSA) என்றும், பிஎஸ்4 விளையாட்டானால் 'சியூஎஸ்ஏ' (CUSA) என்றும் தொடங்கும் எழுத்துகளையடுத்து அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். டிஎல்சி அந்த எண்ணோடு பொருந்தினால்தான் விளையாட்டு அதை ஏற்கும். உங்கள் கணக்கு இந்தியக் கணக்கு. பிளேஸ்டேஷனின் இந்திய இணையக் கடையில் விற்பது வேறு எண்ணுக்குரிய டிஎல்சி. நீங்கள் 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ'யை அங்கே வாங்கினால் பணம் போகும், விளையாட்டுக்குள் மட்டும் எதுவும் தென்படாது. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அன்பாக வாங்கி வந்த டிஸ்க்குகளோடு இந்தப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டு, கன்சோல் பழுது என்று நினைத்து என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பலர்.

அமெரிக்கக் கணக்கு ஒன்றைத் திறந்து, அமெரிக்க கிஃப்ட் கார்டு வாங்கி, அதில் டிஎல்சி வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். தொழில்நுட்ப ரீதியில் அது வேலை செய்யும். ஆனால் வசிக்கும் நாட்டைப் பொய்யாகச் சொல்லித் திறக்கும் கணக்கு, சோனியின் விதிகளுக்கு எதிரானது. அந்தக் கார்டுகளை விற்கும் இடைத்தரகர்களில் சிலர் திருட்டு கிரெடிட் கார்டுகளில் வாங்கியவற்றை விற்கிறார்கள். அது கண்டுபிடிக்கப்பட்டால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு, தரகருடையது அல்ல. எனவே நேரான வழி, அமெரிக்க டிஸ்க்கை விற்றுவிட்டு, இந்தியப் பதிப்பைத் தள்ளுபடி நாளில் உங்கள் கணக்கிலேயே வாங்கி, அதற்கு டிஎல்சி வாங்குவது. ஒரு வருத்தமான செய்தியும் உண்டு: பிராந்தியம் மாறினால், நீங்கள் சேமித்து வைத்த ஆட்டம் பெரும்பாலும் புதிய பதிப்பில் திறக்காது. டிஎல்சிக்குள் நுழைவதற்கு மோக் என்ற எதிரியையும் ராடானையும் முன்பே வீழ்த்தியிருக்க வேண்டும் என்பதால், முதலிலிருந்து நெடுந்தூரம் மீண்டும் விளையாட வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், எல்டன் ரிங் டிஎல்சியை மட்டும் விட்டுவிடுங்கள்.

டிஸ்க்குகளைப் பற்றி இன்னொன்று. டிஸ்க்கில் வாங்கிய விளையாட்டின் டிஎல்சி உங்கள் கணக்கில் இருந்தாலும், டிஸ்க்கை உள்ளே போட்டால்தான் ஓடும். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவ் இல்லை. தனியாக வாங்க வேண்டும். அடுத்த கன்சோலும் அப்படி இருக்கலாம். உங்கள் ஹொரைசன் டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருங்கள்.

டிஎல்சி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று கணக்கையே விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே கணக்கைப் பலருக்கு விற்று, "பிரைமரி", "செகண்டரி" என்று இரண்டு விலை வைப்பார்கள். அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர்கள் கையில்தான் இருக்கும். இருக்கும் கன்சோலில் சில மாதம் ஓடும். புதிய கன்சோல் வாங்கிய அன்று அதைத் திறக்க அவர்களையே தேடிப் போக வேண்டும், அவர்களோ தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார்கள். பழைய டிஸ்க் வாங்கும்போது "டிஎல்சி உள்ளே இருக்கிறது" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் குறியீடு ஒருமுறைதான் பயன்படும். முதல் உரிமையாளர் அதை எப்போதோ பயன்படுத்தியிருப்பார்.

தரகர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. முறையாக வாங்குபவருக்கே இந்த அமைப்பு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது? 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியபோது, விளையாட்டோடு அதன் டிஎல்சிகளும் செத்துப்போயின. 2021இல் பிஎஸ்3 கடையை மூடப்போவதாக அறிவித்த சோனி, ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் பின்வாங்கியது. நாம் வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே என்பதை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட வேண்டியிருந்தது; அது 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒரு வரியை எல்லா நாட்டுக் கடைகளிலும் தாமாகவே எழுதி வைப்பதில் இந்த நிறுவனங்களுக்கு என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது?

கடைசியாக உங்கள் 5,000 ரூபாய். பிஎஸ்5 உலகச் சந்தைக்கு வந்தது 2020 நவம்பரில். இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்றுதான் வந்தது, விலை 49,990 ரூபாய். அதிகாரபூர்வ முன்பதிவு அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜனவரி 12 அன்று தொடங்கிச் சில நிமிடங்களில் முடிந்துபோனது. பிஎஸ்5 ப்ரோ வெளியானபோது, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அனுமதி இல்லாததால் இந்தியா விற்பனைப் பட்டியலிலேயே இல்லை. அறிவித்த கருவியே இந்தப் பாடு படும்போது, பெயர்கூட அறிவிக்காத ஒன்றுக்கு ஒரு கடைக்காரர் எப்படி முன்பதிவு எடுக்க முடியும்? அவர் உங்களிடம் வாங்கியது வட்டியில்லாக் கடன். நல்லவராகவே இருக்கலாம், அப்படியானால் கேட்டவுடன் திருப்பிக் கொடுப்பார். தெரிந்தவர் என்ற தயக்கம் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும். ரசீது இல்லையென்றால், பணம் அனுப்பிய ஜிபே பதிவைப் பத்திரப்படுத்துங்கள். 15 நாட்களுக்குள் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். பணம் திரும்பி வந்ததும் முதலில் 'ஃபேன்டம் லிபர்ட்டி'யை வாங்குங்கள். உங்கள் மூன்றில் டிஸ்க்கும் பிராந்தியமும் குறுக்கே நிற்காதது அதுதான்.