கீரைப் பாத்திக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நாயா?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் சிறிய கீரைத் தோட்டம் வைத்திருக்கிறோம். சைசிம், தண்டுக்கீரை, காங்கோங் போடுகிறோம். விதை தூவிய மறுநாளே சில்லையும் புறாவும் இறங்கிவிடுகின்றன. வளர்ந்த பாத்தியில் மைனாக்கள் எச்சமிடுகின்றன. குடியிருப்பது செம்பவாங்கில் தரைவீடு. 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகள், 74 வயதில் என் தாயார். பிள்ளைகள் நாய் கேட்டு நச்சரிக்கிறார்கள். பறவை வேட்டைக்குப் பழகிய இனத்தில் ஒன்றை வாங்கினால் தோட்டத்துக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும் என்று நினைக்கிறேன். லாப்ரடார், ஸ்பேனியல், பாயிண்டர் மூன்றில் எது நல்லது? ஊரில் எங்கள் தாத்தா சிப்பிப்பாறை வைத்திருந்தார். அதைக் கொண்டுவர முடியுமா?

பதில்: வணக்கம். நாய் வாங்குங்கள், பிள்ளைகளுக்காக வாங்குங்கள். பாத்திக்கு வலை போடுங்கள். இந்த இரண்டையும் ஒரே செலவில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். காரணம் சொல்கிறேன்.

பறவை வேட்டை நாய்கள் பறவையை விரட்டுவதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல. துப்பாக்கிக்காரரோடு சேர்ந்து வேலை செய்யப் பழக்கப்பட்டவை. அந்த வேலை மூன்று வகை. பாயிண்டரும் செட்டரும் பரந்த வெளியில் தொலைதூரம் ஓடி மோப்பம் பிடிக்கும். பறவை பதுங்கியிருக்கும் இடம் தெரிந்ததும் அசையாமல் நின்று காட்டும். ஸ்பேனியல் ஆளிடமிருந்து இருபது முப்பது மீட்டருக்குள் புதர் புதராக நுழைந்து பறவையைக் கிளப்பும். லாப்ரடார், கோல்டன் போன்ற ரெட்ரீவர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். விழுந்த பறவையை எடுத்துவரச் சொன்னால் பல் அழுந்தாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கும். ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயிண்டர், ஹங்கேரியின் விஸ்லா, பிரான்சின் பிரிட்டனி ஆகியவை மூன்றையும் செய்யும்.

இப்போது உங்கள் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். புறாவைக் கண்டு பாயிண்டர் நிற்கும்; புறா விதையைத் தின்னும். லாப்ரடார் ஒரு மைனாக் குஞ்சை உயிரோடு கவ்வி வந்து உங்கள் காலடியில் வைக்கும். ஸ்பேனியல் பறவையைக் கிளப்பும், உண்மைதான். ஆனால் பாத்திக்குள் புகுந்துதான் கிளப்பும். முளைத்து மூன்று நாளான சைசிம் அதன் காலடியில் மிஞ்சாது. பறவைக்குத் தீங்கில்லாமல் விரட்ட விமான நிலையங்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் பயன்படுவது பார்டர் காலி, அதாவது ஆடு மேய்க்கும் நாய். அதுவும் நாள் முழுக்கப் பயிற்றுநர் கூடவே இருந்தால்தான். நாய் வீட்டுக்குப் போன அரை மணியில் பறவைகள் திரும்பி வந்துவிடும்.

சட்டமும் இருக்கிறது. இங்கே வேட்டைக்கு இடமில்லை. 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியில்லாமல் காட்டுப் பறவையை வேண்டுமென்றே கொல்வதும் பிடிப்பதும் குற்றம். உங்கள் தோட்டத்துக்கு அருகில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் இருக்கிறது. செப்டம்பர் தொடங்கி மார்ச் வரை வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடம். அதற்குள் நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை. நாய் வேலி தாண்டி அந்தப் பக்கம் ஓடினால் பொறுப்பு உங்களுடையது.

பாத்திக்கு என்ன செய்வது? 15 மில்லிமீட்டர் கண்ணுள்ள பறவை வலை வாங்குங்கள். அரை அங்குலப் பிவிசி குழாயை வில்லாக வளைத்து மீட்டருக்கு ஒன்று வீதம் நட்டு, பாத்திக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் வலையை இழுத்துக் கட்டுங்கள். தொய்வாக விடாதீர்கள். தொய்ந்த வலையில் சில்லையின் கால் சிக்கும், அது தப்பிக்கத் துடித்தே செத்துவிடும். ஓரங்களில் மண்ணையோ கட்டையையோ வைத்து அழுத்துங்கள், இல்லையென்றால் மைனா நடந்தே உள்ளே போகும். விதை தின்னும் பறவைகளுக்கு இரண்டு இலை விடும்வரை வலை போதும். எச்சம் விழக்கூடாது என்றால் அறுவடைவரை வேண்டும்.

தோட்டத்துக்கு நாய் வந்தாலும் அதைப் பாத்திக்குள் விடவே கூடாது. இது பலர் கவனிக்காத விஷயம். நீங்கள் விற்பது மனிதர் சாப்பிடும் கீரை. நாயின் மலத்தில் உருண்டைப்புழு முட்டை இருக்கலாம், சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். மைனா எச்சத்தைத் தடுக்கப் போய் அதைவிடப் பெரிய கேட்டை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம். பாத்திகளைச் சுற்றி ஒரு மீட்டர் உயரக் கம்பி வலை கட்டுங்கள். நாய்க்கு வெளி நடைபாதை மட்டும். மலத்தை உடனே அள்ளிக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். பண்ணை உரிமத்தில் விலங்கு வளர்ப்புப் பற்றி நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு நாய். பறவை வேட்டை இனங்கள் குடும்பத்துக்கு நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆளோடு ஒத்துழைப்பது, சத்தத்துக்கு மிரளாதது, வாயில் எடுத்ததைக் கேட்டால் விட்டுவிடுவது ஆகிய குணங்களுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டியதும் அதேதான். ஆனால் இனத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வோர் இனத்திலும் இரண்டு வரிசைகள் உண்டு: களத்துக்காக வளர்க்கப்படும் வரிசை, கண்காட்சிக்கும் வீட்டுக்குமான வரிசை. களவரிசை லாப்ரடார் ஒல்லியாக, வேகமாக இருக்கும். தினமும் இரண்டு மணி நேர வேலை இல்லையென்றால் சோபாவைப் பிய்க்கும், வாலைத் துரத்திச் சுற்றும், குரைத்தே பொழுதைக் கழிக்கும். கெட்ட நாய் என்று வெளியே கொடுக்கப்படுபவற்றில் பல, வேலை கிடைக்காத நல்ல நாய்கள். வம்சாவளிச் சீட்டில் களப்போட்டிப் பட்டங்கள் நிறைய இருந்தால், பெருமைப்படாமல் அந்தக் குட்டியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்ட மூன்றில் பாயிண்டரை நீக்கிவிடுங்கள். நெஞ்சு ஆழமான அந்த உடலுக்கு ஓட வெளி வேண்டும். சிங்கப்பூரில் பொது இடத்தில் நாய் வாரில்தான் இருக்க வேண்டும். பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் இருப்பது போன்ற நாய்த் திடலில் மட்டுமே அவிழ்த்துவிடலாம். அந்தத் திடல் பாயிண்டருக்குப் போதாது. விஸ்லாவுக்கும் இதே பதில்.

லாப்ரடார் பிள்ளைகளுக்கு மிக நல்ல தோழன். சிக்கல் அதன் எடை. பெண் நாயே 25 முதல் 32 கிலோ. இரண்டு வயதுவரை மனதளவில் குட்டிதான். அது ஆசையாகத் தாவினால் உங்கள் தாயார் விழுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுவது கடினம். சாப்பாட்டு ஆசையும் சாதாரணமல்ல: 2016இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வின்படி, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பசி அடங்காத மரபணு மாற்றம் இருக்கிறது. பாட்டி கையால் ஒரு தோசை, பிள்ளை கையால் ஒரு பிஸ்கட் என்று போனால் ஒரே ஆண்டில் பருத்து மூட்டு கெடும்.

அதனால் உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை: வீட்டு வரிசையைச் சேர்ந்த இங்கிலீஷ் காக்கர் ஸ்பேனியல், பெண். உயரம் 40 சென்டிமீட்டருக்குள், எடை 13 கிலோ அளவு. தினமும் ஒரு மணி நேர நடையும் பத்து நிமிட மோப்ப விளையாட்டும் போதும். கீரைக்கட்டுக்குள் ஒளித்த பந்தைத் தேடச் சொன்னாலே அதன் வேட்டைக் குணம் நிறைந்துவிடும். குறை இரண்டு. தொங்கும் காது நம் ஈரக் காற்றில் எளிதில் சீழ்பிடிக்கும். வாரம் இருமுறை மருத்துவர் தரும் திரவத்தால் துடைத்து, குளித்த பின் உலர்த்தி, உட்புற முடியைக் கத்தரிக்க வேண்டும். காதில் புளித்த வாடை வந்தால் காத்திருக்காதீர்கள். இரண்டாவது, சில வரிசைகளில் சோற்றுக் கிண்ணத்தருகே உறுமும் குணம் உண்டு. தாய் நாய் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டே குட்டியை எடுங்கள்.

எடுக்கும் முன் காகிதம் கேளுங்கள். காக்கர் என்றால் பெற்றோர் இரண்டுக்கும் விழித்திரை அழிவு, பரம்பரைச் சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கான மரபணுச் சோதனை. மனம் மாறி லாப்ரடார் எடுத்தால், அதே விழித்திரைச் சோதனையுடன் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே மதிப்பெண்ணும், ஓடும்போது சரிந்து விழும் நோய்க்கான சோதனையும். “மருத்துவரிடம் காட்டியாயிற்று” என்ற வாய்ச்சொல் இவற்றுக்கு ஈடாகாது.

குட்டியை எட்டு வாரத்தில் தனியாகத் தூக்கிப் பாருங்கள். மல்லாக்கப் பிடித்தால் கொஞ்சம் திமிறி அடங்க வேண்டும். சற்றுத் தள்ளி ஒரு கரண்டியைக் கீழே போட்டால் திடுக்கிட்டாலும் பின்பு மோந்துபார்க்க வர வேண்டும். கசக்கிய காகிதத்தை உருட்டினால் ஓடிப்போய்க் கவ்வி, உங்கள் பக்கம் வர வேண்டும். கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடி உறுமுவதும் வேண்டாம், மூலையிலேயே ஒடுங்கியிருப்பதும் வேண்டாம். முதலில் பாய்ந்து வருவதைப் பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவதை எடுங்கள்.

வீட்டில் முதல் பாடம், நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவிக்கொடுப்பது. தாயாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் பிள்ளைகள் தொடக்கூடாது. ஆறு வயதுப் பிள்ளையை நாயோடு தனியே விடாதீர்கள். வெங்காயம், பூண்டு கலந்த சாம்பாரும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு விஷம். பாயசத்தில் மிஞ்சியதைக்கூடப் போடாதீர்கள்.

நடை காலை எட்டுக்கு முன், மாலை ஏழுக்குப் பின். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் ஒழுகி, கால் தடுமாறினால் வெப்பத்தாக்கம். நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்நீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். ஈரத் துண்டால் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். உண்ணிக்கும் இதயப்புழுவுக்கும் மாதாமாதம் மருந்து, எலி நடமாடும் இடம் என்பதால் ஆண்டுதோறும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி.

தோட்டத்தில் நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையை இன்றே நிறுத்துங்கள். நாய் அதை விரும்பித் தின்னும், சில மணி நேரத்தில் வலிப்பு வரும். எலி மருந்தைப் பூட்டிய பெட்டிக்குள் மட்டும் வையுங்கள். தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயை வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். கிராஞ்சிப் புல்லில் துப்பும் நாகம் உண்டு. கண்ணில் விஷம் பட்டால் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்டிக்கு மூன்று மாதமானால் உரிமம் கட்டாயம். நுண்சில்லும் (மைக்ரோசிப்) இருக்க வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: லாப்ரடார், காக்கர், பாயிண்டர் எதுவும் அனுமதிப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியலும் சிறிய பூடிலும் இந்தக் குணத்துக்கு நெருக்கமானவை; கேவலியர் என்றால் பெற்றோரின் இதய வால்வைக் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சிப்பிப்பாறை அருமையான நாய். ஆனால் அது கண்ணால் பார்த்து முயலைத் துரத்திப் பிடிப்பது. பறவையோடு அதற்கு வேலை இல்லை. துரத்தத் தொடங்கினால் கூப்பிட்டாலும் திரும்பாது. இந்தியாவிலிருந்து கொண்டுவர இறக்குமதி உரிமம், ரேபிஸ் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் உண்டு. நடுவயது நாய் போதும் என்றால், இங்கேயே காப்பகங்களில் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ எனப்படும் நாட்டு நாய்கள் காத்திருக்கின்றன. வெயில் தாங்கும், வளர்ந்துவிட்டதால் குணம் முன்கூட்டியே தெரியும். பிள்ளைகளையும் தாயாரையும் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று முறை போய்ப் பழகிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.