மிக்ஸ் பதிவில் 'ம்ம்ம்' ஓசை: மிக்சரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் இரண்டு டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி), ஒரு டிஜே மிக்சர் வைத்து மிக்ஸ் செய்கிறேன். மிக்சரின் மாஸ்டர் அவுட்டிலிருந்து ஒரு வயர் எடுத்து லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் செருகிப் பதிவு செய்கிறேன். வெறுமனே ஸ்பீக்கரில் வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பதிவைக் கேட்டால் பின்னணியில் விடாமல் 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை. பாட்டும் அடைத்த மாதிரி கேட்கிறது, சத்தம் கூடும் இடங்களில் கிழிகிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டால் ஹை-ஹாட் தாளத்தட்டு ஓசையெல்லாம் தண்ணீருக்குள் அடிப்பது போல ஆகிவிடுகிறது. மிக்சரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். ஸ்பீக்கரில் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மிக்சர் கெட்டிருந்தால் அது ஸ்பீக்கரிலும் தெரிந்திருக்கும். உங்கள் பிரச்சினை பெரும்பாலும் மிக்சரின் பின்புறத்துக்கும் லேப்டாப்புக்கும் இடையில்தான் இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஹம், அதாவது அந்த 'ம்ம்ம்' ஓசை, ஒரு கோளாறு; அடைத்துக் கிழியும் ஒலி வேறொரு கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் சரியாகாது.

முதலில் ஹம். எந்தப் பாட்டும் ஓடாமல் அரை நிமிடம் வெறுமையைப் பதிவு செய்யுங்கள். அதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். தாழ்ந்த, உருண்டையான 'ம்ம்ம்' என்றால் அது மின்சாரத்தின் அலைவரிசை: சில நாடுகளில் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. கொஞ்சம் கூர்மையாக 'ஸ்ர்ர்' என்று இருந்தால் அதே அலைவரிசையின் மடங்குகள் (100, 150 என்றோ 120, 180 என்றோ) கலந்திருக்கின்றன. விளக்கின் டிம்மர், மலிவான அடாப்டர் போன்றவை அருகில் இருந்தால் இப்படி வரும். மவுஸை நகர்த்தும்போதோ திரையில் ஏதாவது ஓடும்போதோ மாறுகிற கீச்சொலி என்றால் அது கணினியின் உள்ளேயிருந்து வருகிறது. 'ஹ்ஸ்ஸ்' என்ற காற்று போன்ற சத்தம் இந்தக் கூட்டத்திலேயே சேராது. எங்கோ ஒரு இடத்தில் சிக்னல் குறைவாகப் போய், அடுத்த இடத்தில் கெயின் (பெருக்க அளவு) அதிகமாகத் திருகப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

உங்களுடையது முதல் வகை என்றே எடுத்துக்கொள்கிறேன். இப்போது லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மறுபடி அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ஓசை போய்விட்டதா? அப்படியானால் குற்றவாளி கிரவுண்ட் லூப். மிக்சருக்கு மின்சார பிளக் வழியாக ஒரு எர்த், லேப்டாப்புக்கு சார்ஜர் வழியாக இன்னொரு எர்த். இரண்டும் பூமிக்குத்தான் போகின்றன என்றாலும், போகும் வழியில் அவற்றுக்கிடையே ஒரு சின்ன மின்னழுத்த வேறுபாடு இருக்கும். நீங்கள் ஆடியோ வயரைச் செருகியதும் அதன் வெளிச்சுற்றுக் கவசம் அந்த இரண்டையும் இணைத்துவிடுகிறது. வேறுபாட்டுக்கு ஏற்ற மின்னோட்டம் அதன் வழியே ஓட ஆரம்பிக்கிறது. ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயர்) மாதிரியான சாதாரண வயரில் அந்தக் கவசமேதான் சிக்னல் திரும்பி வரும் பாதையும். அதனால் அந்த ஓட்டம் பாட்டோடு கலந்து பதிவாகிறது. இரண்டு பின் சார்ஜராக இருந்தாலும் முழுக்கத் தப்பிக்க முடியாது. அதன் உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கி வழியாகக் கொஞ்சம் மின்கசிவு வரும், அது மிக்சரின் எர்த்தைத் தேடிப் போகும். உலோக உடல் கொண்ட சில லேப்டாப்களைச் சார்ஜில் தொட்டால் விரலில் லேசாக அதிர்கிறதே, அது இந்தக் கசிவுதான்.

தீர்வுகளில் ஒன்றுக்குக் காசே வேண்டாம்: பதிவு செய்யும்போது சார்ஜரைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு மணி நேர மிக்ஸுக்குப் பல லேப்டாப்களின் பேட்டரி போதும். அது முடியாது என்றால் மிக்சர், டர்ன்டேபிள், ஸ்பீக்கர், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். எர்த் பாதைகள் குறுகிவிடுவதால் பல வீடுகளில் இதிலேயே ஹம் அடங்கிவிடும். இதற்கும் மசியாவிட்டால் ஆடியோ வயரின் நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடலாம். அதற்குள் இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டும், எர்த் இணைப்பு அறுந்துவிடும். ஆனால் மிக மலிவான ஐசோலேட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாக இருக்கும். கனமான பேஸ் வரும்போது அது திணறி, கிக் டிரம்மின் அடிப்பகுதியைத் தின்றுவிடும். நடன இசைக்கு இது பெரிய இழப்பு, அதனால் இதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன்.

இன்னொரு 'தீர்வு' நண்பர்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும்: பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு, அல்லது டேப் ஒட்டிவிடு. செய்யாதீர்கள். ஹம் போகலாம். ஆனால் என்றைக்காவது உள்ளே ஒரு வயர் விட்டுப்போய் மிக்சரின் உலோக உடலைத் தொட்டால், அந்த மின்சாரம் போவதற்கு இருக்கும் ஒரே வழி உங்கள் கைதான். ஆடியோ பக்கத்தில் எர்த்தைத் துண்டிப்பது வேறு, மின்சாரப் பக்கத்தில் துண்டிப்பது வேறு.

சரி, சார்ஜரைக் கழற்றியும் ஓசை போகவில்லை என்றால்? மிக்சரில் எல்லா சேனல் ஃபேடர்களையும் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நழுவு கட்டைகள்) கீழே இறக்குங்கள். ஓசை நின்றால் அது ஃபேடருக்கு முன்னாலிருந்து, அதாவது டர்ன்டேபிளிலிருந்து வருகிறது. ஒவ்வொரு ஃபேடராக ஏற்றிப் பார்த்தால் எந்த டர்ன்டேபிள் என்றும் தெரிந்துவிடும். ஸ்பீக்கரில் இது ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்கலாம். சின்ன ஸ்பீக்கர்கள் 50 ஹெர்ட்ஸைச் சரியாக ஒலிக்காது, நல்ல ஹெட்ஃபோன் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டர்ன்டேபிள் எளிதில் ஹம்முக்கு ஆளாவதற்குக் காரணம் உண்டு. ஊசியைத் தாங்கும் கேட்ரிட்ஜ், சாதாரண மூவிங் மேக்னட் வகை என்றால், தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் அளவுதான். அதைப் பெரிதாக்க மிக்சரில் டர்ன்டேபிளுக்கென்று உள்ள ஃபோனோ இன்புட் ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்குகிறது. அது மட்டுமா? இசைத்தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று பெயர். திருப்பி வாசிக்கும்போது ஃபோனோ இன்புட் அதைத் தலைகீழாக்குகிறது. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் ஓசைக்கு, 1000 ஹெர்ட்ஸ் ஓசையைவிடச் சுமார் 17 டெசிபல் கூடுதல் பெருக்கம் கிடைக்கிறது. ஹம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து உரம் போடுகிற மாதிரிதான்.

அதனால்தான் டர்ன்டேபிளிலிருந்து ஆர்சிஏ வயர்களோடு ஒரு மெல்லிய தனி வயர் வருகிறது. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரியான டர்ன்டேபிள்களில் அது நுனியில் கவை போன்ற முனையோடு தொங்கும். அதை மிக்சரின் பின்புறம் 'கிரவுண்ட்' என்று போட்டிருக்கும் திருகில் மாட்டி இறுக்க வேண்டும். பயன்படுத்திய டர்ன்டேபிள் வாங்கியவர்களிடம் இந்த வயர் மாட்டாமல் இருப்பதையோ உள்ளே அறுந்திருப்பதையோதான் நான் அதிகம் பார்க்கிறேன். மாட்டியும் ஹம் இருந்தால் ஹெட்ஷெல்லை (கேட்ரிட்ஜ் பொருத்தியிருக்கும் முனைப்பகுதி) கழற்றி அதன் பின்முனைத் தொடுப்புகளை உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். கேட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு வண்ண வயர்களில் எதுவும் நழுவியிருக்கிறதா என்றும் பாருங்கள்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. டோன்ஆர்மை (ஊசி இருக்கும் கை) நகர்த்தும்போது ஓசை கூடிக் குறைந்தால், பக்கத்தில் ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் கேட்ரிட்ஜ் பிடிக்கிறது. ஆம்ப்ளிஃபயரையோ அடாப்டரையோ தள்ளி வையுங்கள். ஆடியோ வயரும் மின்சார வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக் கூடாது. தவிர்க்க முடியாத இடத்தில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கட்டும்.

சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பெருகி, கடைசியில் ஊளையிடுகிற ஓசை மட்டும் வேறு கதை. ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குத் திரும்பிப் போகிறது. ஸ்பீக்கரை வேறு மேசைக்கு மாற்றினால் முடிந்தது.

இப்போது இரண்டாவது கோளாறு. இதில் சந்தேகமே இல்லை, காரணம் அந்த ஹெட்செட் துளை. அது பேசுகிற மைக்குக்காகச் செய்தது. சில மில்லிவோல்ட் அளவு சிக்னலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது, மிக்சரோ ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ அனுப்புகிறது. கிழியாமல் என்ன செய்யும்? மிக்சரில் மாஸ்டரைக் குறைத்தால் கிழிசல் நிற்கும், ஆனால் சிக்னலும் இரைச்சலின் அருகே இறங்கிவிடும். போதாததற்கு அந்தத் துளையின் மைக் பக்கம் மோனோ. இடது, வலது இரண்டும் ஒன்றாகிவிடும், அல்லது ஒன்று மட்டும் பதிவாகும். அதற்கும் மேலே பல லேப்டாப்களின் மென்பொருள், பேச்சைத் தெளிவாக்குகிறேன் என்று இரைச்சல் அடக்கலும் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடும் போட்டு வைத்திருக்கும். அதன் கண்ணில் உங்கள் ஹை-ஹாட்டும் இரைச்சல்தான். 'அடைத்த மாதிரி' என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். ஒலி அமைப்புகளுக்குள் போய் அந்த மேம்பாடுகளையெல்லாம் அணைத்தால் கொஞ்சம் தேறும், ஆனால் அந்தத் துளையை நம்பி மிக்ஸ் பதிவு செய்யாதீர்கள்.

மிக்சரின் பின்னால் யூ.எஸ்.பி. துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல டிஜே மிக்சர்களில் ஒலி அட்டை உள்ளேயே இருக்கும். அதிலிருந்து கணினிக்கு நேரடியாக டிஜிட்டலாகப் பதிவாகும், ஆடியோ வயரே தேவையில்லை. வயர் இல்லாததால் அந்த வழியாக வந்த ஹம்மும் பதிவில் ஏறாது. இல்லையென்றால், ஸ்டீரியோ லைன் இன்புட் உள்ள எளிமையான ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு வெளியே இருக்கும் ஒலி அட்டை) ஒன்று போதும். புதிய மிக்சருக்கு ஆகும் பணத்தில் சிறு பகுதிதான் ஆகும். வாங்கியதும் இன்புட்டை மைக்கிலோ கிட்டாரிலோ வைக்காமல் 'லைன்' என்பதில் வையுங்கள்.

மிக்சரிலிருந்து எடுக்கும் இடத்தையும் மாற்றுங்கள். 'ரெக் அவுட்' என்று ஒரு ஜோடி துளை இருந்தால் அதுதான் பதிவுக்கானது. பெரும்பாலான மிக்சர்களில் மாஸ்டர் திருகைத் தொட்டாலும் அதன் அளவு மாறாது. அறையில் சத்தத்தைக் குறைத்தாலும் பதிவு பாதிக்கப்படாது.

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒவ்வொரு இசைத்தட்டையும் போடும்போது ஹெட்ஃபோனில் கேட்டு, ட்ரிம்மைத் (சேனலின் உள்வரும் அளவைச் சரிசெய்யும் திருகு) திருகி மீட்டர் சுழியத்தைச் சுற்றி நிற்கும்படி வையுங்கள். சிவப்பு எரியவே கூடாது. மிக்சருக்குள் ஒருமுறை கிழிந்த ஒலியைப் பதிவில் குறைவான அளவில் எடுத்தாலும் அது கிழிந்ததாகவேதான் இருக்கும். பதிவு மென்பொருளில் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாதபடி விடுங்கள். இரண்டு தட்டுகளின் பேஸும் ஒரு நொடி சேர்ந்து விழும்போது அளவு திடீரென்று எகிறும், அதற்கு இடம் வேண்டும். அதனால் சோதனைப் பதிவுக்கு உங்களிடம் உள்ள மிகச் சத்தமான இரண்டு தட்டுகளை எடுத்து மாற்றிப் பாருங்கள், மென்மையான பாட்டை வைத்து அளவு பிடிக்காதீர்கள். அமைப்பு 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். 24 பிட்டில் கீழே இடம் தாராளம், அளவு குறைந்துவிட்டதே என்ற பயம் வேண்டாம். வேவ் கோப்பாக ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 950 எம்பி ஆகும். பதிவில் இடையிடையே 'டிக்' என்று வெட்டு விழுந்தால் அது ஹம்மோடு தொடர்பில்லாதது. பதிவு மென்பொருளில் பஃபர் (ஒலித் தரவைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) அளவை 256இலிருந்து 512க்கு ஏற்றுங்கள்.

மென்பொருளுக்கு இப்போதுதான் முறை. 50 ஹெர்ட்ஸில் நாட்ச் ஃபில்டர் (ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டால் ஹம் போகும். ஆனால் கிக் டிரம்மின் உயிர் இருப்பதும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான், அதுவும் கூடவே போகும். பேச்சுப் பதிவில் கைகொடுக்கும் வழி நம் இசைக்குச் சரிப்படாது. ஆடாசிட்டி போன்றவற்றில் உள்ள இரைச்சல் நீக்கி, வெறுமையான ஒரு பகுதியை மாதிரியாக எடுத்துக்கொண்டு முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கப் பார்க்கும். 20, 24 டெசிபல் என்று அழுத்தினால் நீங்கள் சொன்ன தண்ணீர்ச் சத்தம் வந்தே தீரும். 6 டெசிபலில் நிறுத்துங்கள்.

பழைய பதிவுகளில் பிடித்தது ஏதாவது இருந்தால் முழுக் கோப்பிலும் கை வைக்க வேண்டாம். கிக்கும் பேஸும் ஓடும்போது ஹம் அவற்றின் அடியில் மறைந்துவிடும், தொடக்கத்திலும் முடிவிலும் அமைதியான இடைவெளிகளிலும்தான் வெளியே தெரியும். அந்தப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மெதுவாகக் குறையுங்கள். கிழிந்த இடங்களுக்கு மருந்து கிடையாது. தட்டுகள் உங்களிடம்தானே இருக்கின்றன, அந்த மிக்ஸை மறுபடி வாசித்துவிடுவது நல்லது. முடித்த பதிவை வேவாகவே வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் ஒரே ஒருமுறை 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றுங்கள்.