பெரியவளைத் தூங்க விடுங்கள்

கேள்வி: என் இளைய மகளுக்கு ஆறு வயது. ஸ்மித்-மெகனிஸ் சிண்ட்ரோம் என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. எட்டு மணிக்கே தூங்கிவிடுவாள். மூன்று மணிக்கு எழுந்து வீட்டைப் புரட்டிப்போடுவாள். பகலில் வகுப்பில் தூங்கி விழுகிறாள். கணவர் காலையில் வேலைக்குப் போகணுமே என்று மாடியில் படுத்துக்கொள்வார். நான் அசந்துவிட்டால் ஒன்பதாவது படிக்கும் பெரியவள் பார்த்துக்கொள்வாள், அவளுக்குப் பழகிவிட்டது. வளர்ப்பு சரியில்லை என்கிறார் மாமியார். இவளைத் தூங்கவைக்க என்ன வழி?

பதில்: மாமியாருக்கு ஒரு வரி போதும்: 17-ஆவது குரோமோசோமில் உள்ள கோளாறு இது, வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருட்டியதும் சுரக்க வேண்டிய தூக்க ஹார்மோனான மெலடோனின், இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பகலில் சுரக்கிறது. பிரான்சில் 2000-களின் தொடக்கத்தில் சில பிள்ளைகளுக்குக் காலையில் பகல்நேர மெலடோனினை அடக்கும் அசிபுடலால் மாத்திரை, இரவில் மெலடோனின் கொடுத்துப் பார்த்தார்கள், தூக்கம் சீரானது. உங்கள் மகளுக்கு ஒத்துவருமா என்று குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தக் காலை மாத்திரை ஆகாது. குறட்டை விடுகிறாளா என்பதையும் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் இருமல் சிரப் வாங்கி ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பெரியவளுக்குப் பழகிவிட்டதா? யார் பழக்கியது? பதினான்கு வயதுப் பெண் மூன்று மணிக்கு எழுந்து, தங்கை நகத்தைப் பிய்த்துக்கொள்ளாமல், தலையைச் சுவரில் மோதாமல் காவல் காத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அவளும் வகுப்பில் தூங்கி விழுகிறாளா என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே நீங்கள்! இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. முறுமுறுக்காத பிள்ளை எல்லா வீட்டிலும் இப்படித்தான் இரண்டாவது அம்மாவாகிவிடுகிறது. எங்களுக்குப் பிறகு அவள்தானே பார்க்க வேண்டும் என்பீர்கள். வளர்ந்தபின் அவளே விரும்பிப் பார்த்தால் சந்தோஷம். ஒன்பதாவது படிக்கிறவள் தலையில் அதைக் கட்ட உங்களுக்கு உரிமையில்லை.

அப்பா வேலைக்குப் போக வேண்டும், சரி. அவள் எங்கே போகிறாள், திருவிழாவுக்கா? பெற்றவர் மாடியில் தூங்க, கூடப் பிறந்தவள் விழித்திருப்பது என்ன நியாயம், அம்மா? சின்னவள் எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறாள். அவரும் ஒன்பது மணிக்குப் படுக்கட்டும், டிவி ஓடிப்போகாது. மூன்று மணிக்குள் ஆறு மணி நேரம் தூங்கியிருப்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் எழட்டும், மற்ற நாள் நீங்கள். எழுகிறவர் பெரிய விளக்கைப் போட வேண்டாம், செல்போனைக் கையில் கொடுக்கவும் வேண்டாம். சமையலறையைப் பூட்டி, கேஸ் சிலிண்டரை அடைத்துவிட்டுப் படுங்கள். காலையில் சின்னவளை நல்ல வெளிச்சத்தில் சற்று நேரம் விளையாட விடுங்கள்.

பெரியவளின் பாயை இன்றிரவே மாடி அறைக்கு மாற்றுங்கள். அவர் கீழே வந்து படுக்கட்டும். ஏன் என்று கேட்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.